தூசியின் மேல் போட்ட பழி

காற்றிலிருந்து திருநீறு வரவழைக்கும் சாமியாரைப் பார்த்து "சட்டைக் கையை மடித்துவிட்டுச் செய்" என்று கேட்கத் தெரிந்தவர்கள் நாம். பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-இல் ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்துவிட்டுக் கேட்டதும் அதைத்தான்: ஏமாற்ற வழியில்லாத நிலையில் செய்து காட்டு. அவர் இறக்கும்வரை அந்தப் பரிசை யாரும் வாங்கவில்லை. அவரைப் படித்து வளர்ந்தவர்கள், ஜாதகக் கட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திருமணம் செய்துகொண்டவர்கள், ஓரிடத்தில் மட்டும் வாயடைத்து நிற்பதைப் பார்க்கிறேன். லேப்டாப் சர்வீஸ் சென்டரின் கவுன்ட்டர். அங்கே ஒருவர் "உள்ள தண்ணி போயிருக்கு, வாரன்டி வராது" என்கிறார். எங்கே போயிருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கார்டை எடுத்து நீட்டுகிறோம்.

இதை அற்பமான விஷயமாக நான் நினைக்கவில்லை. சான்று கேட்கும் பழக்கம் கோயில் வாசலோடு நின்றுவிட்டால் அதற்குப் பகுத்தறிவு என்று பெயர் வைக்க முடியாது. இன்று நம் பிழைப்பும் படிப்பும் நம்பிக் கிடப்பது கம்பெனிகள் செய்து தரும் பொருள்களை. அவை கெட்டுப்போகும்போது ஏன் கெட்டது, யாரால் கெட்டது, எத்தனை பேருக்குக் கெட்டது என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்தவர் ஒருவர்தான். அவரே விற்றவர். அவர் சொல்வதை அப்படியே நம்புகிறோம்.

ஆப்பிள் நிறுவனத்தின் பட்டர்ஃப்ளை கீபோர்டை எடுத்துக்கொள்கிறேன். நீதிமன்றம்வரை போய்ப் பொதுவில் பதிவான கதை அது. 2015-இல் வந்த 12 அங்குல மேக்புக்கில்தான் அந்தக் கீபோர்டு முதலில் வந்தது. அதற்கு முன்பு விசைகளுக்கு அடியில் இருந்தது கத்தரிக்கோல் மாதிரியான அமைப்பு. இரண்டு சிறு பிளாஸ்டிக் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து விசையைத் தாங்கும். புதியதில் இரண்டு சட்டங்களும் நடுவில் இணைந்து, பட்டாம்பூச்சி சிறகு விரிப்பதுபோல் விரியும். பழையதைவிட 40 சதவீதம் மெலிந்தது என்று மேடையில் சொன்னார்கள். 2016-இல் மேக்புக் ப்ரோவுக்கும் 2018-இல் மேக்புக் ஏருக்கும் அதுவே போனது.

மெலிந்தது உண்மை. விரலை அழுத்தினால் விசை ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் இறங்கும். அந்த இடைவெளிக்குள் ஒரு ரவை போய் உட்கார்ந்தால் விசைக்கு இறங்க இடமில்லை. சில சமயம் அழுத்தியும் எழுத்து வராது. சில சமயம் ஒரு தட்டுக்கு இரண்டு எழுத்து விழும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இது எரிச்சல். தமிழ் 99 முறையில் அடிக்கிறவருக்கு எஃப் விசைதான் புள்ளி. அது படுத்துவிட்டால் "அவர் சொன்னார்" என்பது "அவர சொன்னார" என்று நிற்கும். நடுவில் வரும் ஒற்றை மென்பொருளே போட்டுக்கொள்ளும் இடங்கள் உண்டு. சொல்லின் கடைசிப் புள்ளியைக் கைதான் போட்டாக வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் மொழியே ஊனமாகி வரும்.

2017 அக்டோபரில் கேசி ஜான்ஸ்டன் என்ற பத்திரிகையாளர் தன் மேக்புக் படுத்திய பாட்டை விரிவாக எழுதினார். கடையில் அவருக்குச் சொல்லப்பட்ட காரணம், தூசி. இந்த ஒரு சொல்லைத்தான் நான் விசாரிக்க விரும்புகிறேன். தூசி உள்ளே போனது என்பது நிகழ்ந்ததைச் சொல்வது, சரி. ஆனால் கவுன்ட்டரில் அந்தச் சொல் விழும்போது அதன் பொருள் வேறாகிவிடுகிறது: நீங்கள் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை. வாங்கியவர் தலை குனிகிறார். மேசையில் முறுக்கு தின்றது நினைவுக்கு வருகிறது. மின்விசிறி, திறந்த ஜன்னல், வீட்டு நாய், எல்லாம் குற்றவாளிகள் ஆகின்றன. மடியில் வைத்து, ரயிலில் வைத்து, டீக்கடையில் வைத்து வேலை செய்யுங்கள் என்று விளம்பரம் செய்து விற்ற பொருள் அது. தூசி இல்லாத மடி எங்கே இருக்கிறது? தூசியைத் தாங்காத கீபோர்டைச் செய்தவர் ஒருவர், தூசியோடு வாழ்பவர் இன்னொருவர். இந்த இருவரில் குற்றவாளி யார் என்பதற்கு நெடிய ஆராய்ச்சி வேண்டாம்.

அந்த நிறுவனம் வெளியிட்ட துப்புரவு முறை ஒன்று உண்டு. லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும். அழுத்தப்பட்ட காற்றை இடமிருந்து வலமாக ஊத வேண்டும். பிறகு வலப்பக்கம் திருப்பி ஊத வேண்டும். பிறகு இடப்பக்கம். உலகெங்கும் படித்தவர்கள், பொறியாளர்கள், பேராசிரியர்கள் லேப்டாப்பைத் தூக்கிப் பிடித்து இதைச் செய்தார்கள். செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பலருக்கு அது உதவியும் இருக்கலாம். நான் கேட்பது, அது உதவாதபோது என்ன நடந்தது என்பதை. பரிகாரம் செய்தும் தோஷம் போகாதவன் ஜோசியரைச் சந்தேகிக்காமல் தன் பக்தியில்தான் குறை என்று எண்ணுவான். இங்கும் கோணம் சரியில்லையோ, இன்னும் கொஞ்சம் ஊதியிருக்க வேண்டுமோ என்றுதான் எண்ணினார்கள். ஒன்றரை லட்சம் கொடுத்து வாங்கிய பொருள் மோசமானது என்று ஒப்புக்கொள்வது நம்மை நாமே முட்டாள் என்று சொல்வதுபோல் வலிக்கிறது. அதனால் பொருளுக்காக நாமே வாதாடுகிறோம். விற்றவருக்கு அந்த வேலைகூட இல்லை.

உள்ளே என்ன தெரிந்திருந்தது? 2016 செப்டம்பரிலேயே விசைகளுக்குள் தூசி புகாமல் தடுக்கும் வழிகளுக்கு அந்த நிறுவனம் காப்புரிமை விண்ணப்பம் போட்டிருந்தது. 2018 மார்ச்சில் அது வெளியானது. விண்ணப்பம் போட்டதாலேயே குறையை மறைத்தார்கள் என்று ஆகிவிடாது. பெரிய கம்பெனிகள் எதற்கெல்லாமோ காப்புரிமை கேட்டு வைக்கும். ஆனால் தூசி ஒரு சிக்கல் என்ற யோசனை அவர்களுக்கு இருந்தது என்பதில் சந்தேகமில்லை. 2018 ஜூலையில் மூன்றாம் தலைமுறைக் கீபோர்டு வந்தபோது ஒவ்வொரு விசைக்கு அடியிலும் மெல்லிய சிலிக்கோன் ரப்பர் சவ்வு இருந்தது. சத்தம் குறைய என்று வெளியில் சொன்னார்கள். பழுதுபார்ப்பவர்களுக்காக எழுதிய உள் ஆவணம் கசிந்தபோது, குப்பை உள்ளே போகாமல் தடுக்க என்று அதில் இருந்தது.

தவறான வடிவமைப்பு பாவமில்லை. புதிதாக ஒன்றைச் செய்கிறவர் தவறுவார். தவறாமல் ஒரு பொருளும் உருவானதில்லை. அந்தப் பொறியாளர்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. ஒரே காரியத்துக்கு உள்ளே ஒரு காரணமும் வெளியே ஒரு காரணமும் சொல்லப்பட்டதே, அந்த இடத்தில்தான் தவறு என்பது அறப்பிழையாக மாறுகிறது.

2018 மே மாதம் கலிபோர்னியாவில் வாங்கியவர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். ஜூன் 22-இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. வாங்கிய நாளிலிருந்து நான்கு ஆண்டுகள். அறிவிப்பில் குறை "சிறு விழுக்காடு" கீபோர்டுகளில் என்று இருந்தது. 2019 மார்ச்சில் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் ஜோனா ஸ்டெர்ன், தன் கீபோர்டு விழுங்கிய எழுத்துகள் இல்லாமலே ஒரு கட்டுரையை வெளியிட்டார். அப்போது நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. அதிலும் "சிறு எண்ணிக்கையிலான பயனாளர்கள்" என்றே இருந்தது. மே மாதம் பட்டர்ஃப்ளை கீபோர்டு உள்ள எல்லா மாடல்களையும், அன்று புதிதாக வெளியானவற்றையும்கூட, அந்தத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். விற்பனைக்கு வரும் நாளிலேயே பழுதுபார்ப்புத் திட்டத்தில் இடம்பிடித்த பொருளுக்குச் "சிறு எண்ணிக்கை" எப்படிப் பொருந்தும்?

எத்தனை என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு சர்வீஸ் சென்டரும் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டுத்தான் மாற்றுகிறது. மேக்புக் ப்ரோவில் அந்தக் கீபோர்டு மேல்மூடியோடு ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டது. பேட்டரியும் அதில் ஒட்டப்பட்டிருக்கும். ஒரு விசை கெட்டாலும் பல சமயம் மேல்மூடி, பேட்டரி எல்லாம் சேர்த்து மாற்ற வேண்டி வரும். வாரன்டி முடிந்திருந்தால் அமெரிக்காவில் சுமார் 700 டாலர். அவ்வளவு பெரிய பாகம் கணக்கில் வராமல் போகாது. கணக்கு கையில் இருந்தும் எண்ணைச் சொல்லாமல் "சிறு" என்ற அடைமொழியைச் சொல்வது என்ன நேர்மை? அடைமொழியைச் சரிபார்க்க யாராலும் முடியாது, எண்ணைச் சரிபார்க்கலாம். அதனால்தான் அடைமொழி கிடைக்கிறது.

அந்த அடைமொழி இன்னொரு கெடுதலும் செய்கிறது. கெட்டுப்போன லேப்டாப்போடு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரையும் தனி ஆளாக்கிவிடுகிறது. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைப்பவர் வழக்குப் போட மாட்டார், குரலை உயர்த்தவும் மாட்டார். இலவசமாக மாற்றிக் கொடுத்தால் நன்றி சொல்லிவிட்டு வருவார். குறையோடு விற்ற பொருளை விற்றவர் சரிசெய்து தருவதில் நன்றிக்கு என்ன இடம்?

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவர். அவருடையது வேறொரு நிறுவனத்தின் லேப்டாப். வாரன்டி இருக்கும்போதே நடு வரிசையில் விசைகள் செத்துவிட்டன. துணைக்கு நானும் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பையன் ஜாப் ஷீட்டைப் பார்த்துச் சொன்னான்: "லிக்விட் டேமேஜ் மேடம். வாரன்டில கவர் ஆகாது."

"எங்க பட்டிருக்குன்னு காட்டுங்க தம்பி."

"அது உள்ள டெக்னீஷியன் பார்த்தது மேடம். கஸ்டமரை உள்ள விட மாட்டாங்க."

"நான் உள்ள வரல. தண்ணி பட்டா சிவக்கிற ஸ்டிக்கர் ஒண்ணு உள்ள ஒட்டியிருப்பாங்களே, அதைத் திறந்து ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க. சிவந்திருந்தா பணத்தைக் கட்டிட்டுப் போறேன்."

பையன் உள்ளே போனான். வெகுநேரம் கழித்து மேனேஜர் வந்தார். போட்டோ வரவில்லை. "உங்களுக்காக ஒன் டைம் எக்ஸெப்ஷனா ஃப்ரீயா பண்ணித் தர்றோம் மேடம்" என்றார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம் சார். லிக்விட் டேமேஜ்னு எழுதியிருக்கீங்க இல்ல, அது தப்புன்னா அதை அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க." அவர் தயங்கினார். யாருக்கோ போன் செய்தார். கடைசியில் பேனாவால் அந்த வரியை அடித்துக் கையெழுத்திட்டார்.

அந்தப் பையனை நான் குற்றம் சொல்லவில்லை. அவனுக்குக் கொடுத்ததை அவன் வாசிக்கிறான். கேள்வி கேட்டால் அவன் வேலை போகும். அக்கா கேட்டது ஒரு போட்டோ. அதைக் கேட்காமல் போனவர்கள் எத்தனை பேர் அன்று காலையில் பணம் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்?

நம் சட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நுகர்வோர் அறிய வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலருக்காக ஒருவர், ஆணையத்தின் அனுமதியோடு, வழக்குத் தொடுக்க 35-ஆம் பிரிவு வழி விடுகிறது. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். படித்த மனிதர் இதைப் பயன்படுத்தாமல் "நம்ம ஊர்ல எதுவும் நடக்காது" என்று சொன்னால் அதையும் மூடநம்பிக்கைகளோடுதான் சேர்ப்பேன். நடக்குமா என்று பார்க்காமலே வந்த முடிவு அது.

அமெரிக்க வழக்கு 2022-இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. 2023 மே மாதம் நீதிபதி எட்வர்ட் டவிலா இறுதி ஒப்புதல் தந்தார். மேல்மூடியை இரண்டு தடவையோ அதற்கு மேலோ மாற்ற நேர்ந்தவர்களுக்கு அதிகபட்சம் 395 டாலர். தவறு செய்யவில்லை என்பதே கடைசிவரை நிறுவனத்தின் நிலை. பணம் கிடைத்தது ஏழு மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும். அதே கீபோர்டைச் சென்னையிலோ கொழும்பிலோ வாங்கியவருக்கு ஒரு காசு இல்லை. அங்கே பணம் வந்ததற்குக் காரணம், அங்கே சிலர் சேர்ந்து கேட்டார்கள். கீபோர்டோ, 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவிலேயே பழைய கத்தரி அமைப்புக்குத் திரும்பிவிட்டது. 2020 மே மாதத்தோடு பட்டர்ஃப்ளை அடங்கிற்று.

ஆனால் அந்த லேப்டாப்கள் அடங்கவில்லை. நான்கு ஆண்டு இலவசத் திட்டம் அவற்றுக்கு அநேகமாக முடிந்துபோயிற்று. அவை இப்போது பழைய பொருள் சந்தையில் கைமாறிக்கொண்டிருக்கின்றன. விற்கிறவர்களில் பலர், கம்பெனி தங்களிடம் உண்மையை மறைத்தது என்று ஆண்டுக்கணக்கில் புலம்பியவர்கள். துடைத்துப் பளபளப்பாக்கி, "கண்டிஷன் சூப்பர், ஒரே கை ஓட்டியது" என்று போடுகிறார்கள். வாங்க வருகிறவர், கல்லூரியில் சேரும் மகளுக்காகச் சீட்டுப் பணத்தை எடுத்து வந்திருப்பார். "கீபோர்டு எல்லாம் நல்லா இருக்குல்ல?" என்று ஒரு கேள்வி கேட்பார். இப்போது கணக்கு நம் கையில் இருக்கிறது. எந்த விசை, எத்தனை தடவை மாற்றியது, கடைசியாக எப்போது படுத்தது, எல்லாம் நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சர்வீஸ் சீட்டுகளை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.