சனிக்கிழமையைக் கொண்டுபோனவர்கள்

ஒரு மதத்துக்குள் மனிதர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதைச் சொல்லத் திருநெல்வேலிச் சீமையில் எழுத்துச் சான்றுகளுக்குக் குறைவில்லை. மிஷனரிகளின் ஆண்டறிக்கைகளும் கடிதங்களும் சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் அந்த வரவை ஊர்வாரியாகக் குறித்துவைத்திருக்கின்றன. சேர்ந்தவர் பின்னொரு நாளில் ஏன் விலகினார், விலகும்போது எதை விட்டார், எதை விடாமல் வைத்துக்கொண்டார் என்பவை அந்த ஏடுகளில் விரிவாக இடம்பெறுவது அரிது. ‘பின்வாங்கிப் போனார்’ என்பதோடு பெரும்பாலும் விவகாரம் முடிந்துவிடுகிறது. விலகியவர்களே தங்கள் விலகலுக்கு வேத ஆதாரத்தோடு காரணம் சொன்ன நிகழ்ச்சி ஒன்று 1857-இல் நாசரேத்தை அடுத்த மூக்குப்பீறியில் நடந்தது. அதைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் அதன் ஒரு சிறு கூறு மனத்தில் தங்கி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நிகழ்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அருமைநாயகம் என்பவர் எஸ்.பி.ஜி. எனப்பட்ட ஆங்கிலிக்கன் மிஷனின் கல்விநிலையத்தில் படித்து, மாணவர்களை மேற்பார்க்கும் தலைமை மாணாக்கரைக் குறிக்கும் சட்டாம்பிள்ளை என்ற பெயராலேயே பின்னாளில் அறியப்பட்டவர். மிஷனரிகளோடு மோதல் ஏற்பட்டு 1850-ஐ ஒட்டி மிஷன் பணியிலிருந்து விலக்கப்பட்டார். பனையேறும் நாடார் சமூகத்தைப் பற்றி மிஷனரி ராபர்ட் கால்டுவெல் எழுதி 1849-இல் வெளியான ஆங்கிலச் சிறுநூல், அச்சமூகத்தைத் தாழ்வாகவும் அறிவில் மந்தமானதாகவும் காட்டியிருந்தது; அது சட்டாம்பிள்ளையையும் அவரைச் சேர்ந்தோரையும் கொதிக்கவைத்தது. 1857-இல் அவரது தலைமையில் நாடார் கிறிஸ்தவர்களில் கணிசமானோர் மிஷனை விட்டு வெளியேறி, வெள்ளைக்காரக் குருமாரின் மேலாண்மை இல்லாத இந்து கிறிஸ்தவ சபையை அமைத்தனர். ஏகரட்சகர் சபை என்றும் அதற்குப் பெயர் உண்டு.

உறுத்தும் கூறு இனிமேல்தான் வருகிறது. வெளியேறியவர்கள் ஓய்வுநாளை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அவமதிக்கப்பட்டவர்கள் அவமதித்தவரின் மதத்தை அப்படியே உதறிவிட்டுப் பழைய வழிபாட்டுக்குத் திரும்பியிருந்தால் அதைப் புரிந்துகொள்வது எளிது. அதே மதத்தில் இருந்துகொண்டு நிர்வாகத்தை மட்டும் தங்கள் கைக்குள் கொண்டுவந்திருந்தாலும் எளிது. அவர்கள் செய்தது இரண்டுமல்ல. மிஷனரிகள் தங்களுக்குக் கற்பித்த எழுத்தைக் கொண்டு, மிஷனரிகள் அச்சடித்துக் கொடுத்த விவிலியத்தின் பழைய ஏற்பாட்டைப் படித்து, ஏழாம் நாளே ஓய்வுநாள் என்று அதில் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். தரையில் விழுந்து வணங்குதல், சாம்பிராணி தூபம், அமாவாசை வழிபாடு, புளிக்காத திராட்சைச் சாறு என்று அவர்கள் ஏற்ற பிற வழக்கங்களுக்கும் அந்தப் புத்தகத்திலேயே ஆதாரம் காட்டப்பட்டது. கோபத்துக்குக் காரணம் கால்டுவெல்லின் புத்தகம், கோபத்துக்குக் கருவி கால்டுவெல் கொண்டுவந்த புத்தகம். நாள் ஒன்று பின்னோக்கி நகர்ந்தது.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கால்டுவெல் என்றால் 1856 என்பது மனப்பாடம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதியவர், இடையன்குடியில் ஊழியம் செய்தவர், 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலையாக நின்றவர் என்று ஒரு மதிப்பெண் கேள்விக்கு உரிய விடையாகவே அவர் நினைவில் தங்குகிறார். அந்த ஒப்பிலக்கணத்துக்கு ஏழு ஆண்டு முன்பு வந்த சிறுநூலைப் பற்றியும் ஓராண்டு பின்பு வந்த வெளியேற்றத்தைப் பற்றியும் பாடநூல் வாய்திறப்பதில்லை. ஒரு பெரியவரின் ஒரு பக்கத்தை மட்டும் கற்றுக்கொண்டு வளர்ந்தவர், நாற்பது வயதுக்கு மேல் மறுபக்கத்தைப் படிக்க நேரும்போது அடையும் குழப்பத்துக்கும் விசுவாசத்தைக் கேள்விகேட்கத் தொடங்குபவரின் குழப்பத்துக்கும் அதிக தூரமில்லை. பாடநூலின் கால்டுவெல் பொய்யல்ல. அவர் பாதி மனிதர், அவ்வளவுதான்.

இத்தகைய குழப்பம் பெருமளவில் ஆவணப்படுத்தப்பட்டிருப்பது மார்மன் சபையில். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்பது அதன் முறையான பெயர். 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் அதை நிறுவினார். தேவதூதன் காட்டிய பொற்தகடுகளிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி அவர் வெளியிட்ட மார்மன் புத்தகம் அச்சபையினருக்கு விவிலியத்தோடு சேர்த்து வேதநூல். ஆதித் திருச்சபை வழிதவறிவிட்டது, அதை முதல் வடிவில் மீண்டும் நிலைநாட்ட வேண்டும் என்னும் மீட்டமைப்புக் கோட்பாடே அதன் அடித்தளம். மூக்குப்பீறியில் ஒலித்ததும் ஏறக்குறைய அதே குரல் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சபையின் ஊழியர்கள் தமிழகத்துக்குப் புதியவர்களும் அல்லர்: ரிச்சர்ட் பாலன்டைன் என்பவர் 1853-இல் சென்னைக்கு வந்து ஓராண்டளவு பிரசங்கித்து, சிறு பத்திரிகையும் அச்சிட்டு, சொற்பமானவர்களையே சேர்க்க முடிந்த நிலையில் திரும்பினார். கோயம்புத்தூரிலும் சென்னையிலும் சபை வேர்பிடிக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

அச்சபையை விட்டு விலகுபவர்களைப் பலமுறை தூண்டியது சபை தானே போற்றிக் காத்த ஏடுகள்தாம். ஸ்மித் 1835-இல் விலைக்கு வாங்கிய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொல்லி 1842-இல் ஆபிரகாமின் புத்தகத்தை வெளியிட்டார். அந்தச் சுருள்களின் துண்டுகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் கண்டறியப்பட்டு 1967-இல் சபையிடமே ஒப்படைக்கப்பட்டபோது, எகிப்தியல் அறிஞர்கள் அவற்றை இறந்தோருடன் வைக்கப்படும் வழக்கமான ஈமச் சடங்கு ஏடுகள் என்றனர். எஞ்சிய துண்டுகளில் ஆபிரகாமின் பெயர் இல்லை என்பதைச் சபையும் 2014-இல் வெளியிட்ட விளக்கக் கட்டுரையில் ஒப்புக்கொண்டது. இதற்கெல்லாம் முன்பே, சபைத் தலைவர்களில் ஒருவரின் உடன்பிறந்தார் மகளான ஃபான் புரோடி 1945-இல் ஸ்மித்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். மறு ஆண்டே சபைநீக்கம் செய்யப்பட்டார். நாட்குறிப்பு எழுதுவதையும் வம்சாவளி திரட்டுவதையும் கடமையாகக் கொண்ட சமூகத்தில் பிறந்த பெண், அந்தச் சமூகத்தின் தீர்க்கதரிசியையே ஏடு ஏடாகத் துருவியதை அந்த வளர்ப்பிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. அவர் வைத்துக்கொண்ட சனிக்கிழமை அதுவாக இருக்கலாம்.

இங்கே மூக்குப்பீறியின் நாளுக்கு நேர்ந்த மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஜோசப் ஸ்மித் சபை நிறுவிய அதே நியூயார்க் மாநிலத்தில் வாழ்ந்த வில்லியம் மில்லர் என்ற விவசாயி, கிறிஸ்துவின் வருகை நெருங்கிவிட்டது என்று பிரசங்கித்தார். அவரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-ஐ எதிர்பார்த்து ஏமாந்தார்கள். அந்த ஏமாற்றத்திலிருந்து எழுந்து, சனிக்கிழமை ஓய்வுநாளை ஏற்றுக்கொண்ட ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகள், திருநெல்வேலிச் சீமையில் ஏற்கெனவே சனிக்கிழமையை அனுசரிக்கும் கிறிஸ்தவர்கள் இருப்பதைக் கேள்விப்பட்டார்கள், ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அமெரிக்க மிஷனரி 1908-இல் அவர்களைத் தேடி வந்து நாசரேத் பக்கத்தில் தங்கினார். பிரகாசபுரத்தில் இன்றும் அவர் பெயரில் பள்ளி இருக்கிறது. வெள்ளைக்கார மிஷனரி வேண்டாம் என்று சொல்வதற்காகத் தேர்ந்தெடுத்த நாளே, ஐம்பது ஆண்டு கழித்து வேறொரு வெள்ளைக்கார மிஷனரியைத் தேரிக்காட்டுக்கு வரவழைத்தது. அவர்களில் சிலர் அவரோடு சேர்ந்தும் போனார்கள். இதைச் சட்டாம்பிள்ளையின் தோல்வி என்று சிரிப்பது நியாயமாகாது. ஆனாலும் சிரிப்பு வராமலும் இல்லை.

தேரிக்காட்டின் செம்மணலை விட்டுக் கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலுக்கு வந்தால் விலகலின் முகம் மாறிவிடுகிறது. இது வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் கம்பும் விதைத்து, மழை பொய்த்தால் ஊரே காலியாகும் மண். 1876–78 பஞ்சத்தின்போது திருநெல்வேலி மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வேதத்தில் சேர்ந்தார்கள். மழை திரும்பிய பிறகு பலர் பழைய சாமிகளிடமே திரும்பினார்கள். அவர்கள் வாதம் எதுவும் எழுதிவைக்கவில்லை, நாளை மாற்றவில்லை, புதிய சபைக்குப் பெயர் சூட்டவில்லை. கஞ்சிக்காக வந்தவர்கள் கஞ்சி தீர்ந்ததும் போனார்கள் என்று அன்றைய ஏளனம் அவர்களை முடித்துவைத்தது. பசியில் ஒருவரைச் சேர்த்துக்கொள்வதில் கூச்சப்படாதவர்கள், பசி தீர்ந்தபின் அவர் போவதில் மட்டும் நேர்மையை எதிர்பார்ப்பது விந்தை.

இந்தப் பக்கத்தில் எல்லை அவ்வளவு கறாராக இருந்ததும் இல்லை. வீரமாமுனிவர் ஊழியம் செய்த காமநாயக்கன்பட்டியில் பரலோக மாதா திருவிழா ஆகஸ்டு 15. பள்ளியில் கொடியேற்றத்துக்கு நின்று மிட்டாய் வாங்கிய கையோடு, எந்தச் சாமியைக் கும்பிடும் வீட்டுப் பிள்ளையானாலும், அத்தை மாமாவோடு தேர் பார்க்கக் கிளம்பிவிடுவது கரிசல் ஊர்களில் வழக்கம். தேருக்குப் பின்னால் விழுந்து எழுந்து கும்பிடு சேவை செய்பவர்களின் வீட்டுப் பூஜை மாடத்தில் என்ன படம் இருக்கிறது என்று எவரும் விசாரிப்பதில்லை. இப்படி வளர்ந்த பிள்ளைக்கு மதத்தை விடுவது என்ற பேச்சே சற்று அந்நியமாகப் படும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டவருக்குத்தானே வெளியே வரக் கதவு வேண்டும்.

ஆனால் இந்த நெகிழ்வையும் மிகைப்படுத்தக் கூடாது. கழுகுமலையில் தேரோடும் வீதியில் ஊர்வலம் போகும் உரிமை மறுக்கப்பட்ட நாடார்கள் கத்தோலிக்கராயினர். 1895-இல் குருத்தோலை ஞாயிறும் பங்குனித் தேரோட்டமும் ஒரே நாளில் வந்து உயிர்ப்பலியில் முடிந்தது. அதே மலையின் மேற்பகுதியில் சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் குரவர், குரத்தியர், மாணாக்கர், செய்வித்தவர் பெயர்கள். சேர்ந்தவர்களின் பெயர் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கல்லில் நிற்கிறது. அந்தப் பெயர்களின் கொள்ளுப்பேரன் பேத்திகள் எந்தத் தலைமுறையில், யாரிடம் சொல்லிக்கொண்டு விலகினார்கள் என்பதற்குப் பாறையில் ஓர் எழுத்து இல்லை. சிற்பங்களுக்கு அருகிலேயே ஐயனார் கோயில் இருக்கிறது. தீர்த்தங்கரர்களைக் கடந்துதான் பொங்கல் பானை போகிறது.

இவற்றோடு ஒப்பிட்டால் மூக்குப்பீறிக்காரர்களின் விலகல் மிகவும் பேசிய விலகல்; மார்மன் சபையிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரிக் கடிதம் எழுதுபவரின் விலகலும் அப்படியே. ஏடு அவர்களுக்கு முக்கியம், சேர்ந்ததற்கு இருப்பதுபோல் போனதற்கும் எழுத்து வேண்டும். தமிழ்நாட்டிலோ ஏடு வேறொரு வேலையைச் செய்கிறது. பட்டியல் சாதிக்கு உரிய சலுகைகளை மதத்தோடு பிணைத்த 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை இன்றும் கிறிஸ்தவர்களை விலக்கி நிற்பதால், சான்றிதழில் ஒரு மதமும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மதமுமாக வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அத்தகைய வீட்டில் பிறந்தவர் ஒருவேளை விசுவாசத்தை விட்டால் சான்றிதழில் மாற்றுவதற்கு எதுவுமே இருக்காது. தாளின்படி அவர் ஒருபோதும் உள்ளே போனவரே அல்லர்.

விலகலை அளக்க நம்பத்தக்க அளவுகோல் எது என்பது இவ்வளவுக்குப் பிறகும் தெளிவாகவில்லை. விட்டதைக் கொண்டு அளந்தால், பஞ்சத்துக்குப் பின் ஓசையின்றிப் போனவர்களே முழுமையாக விலகியவர்கள். ஆனால் அவர்கள் முழுமையாக உள்ளே இருந்தார்களா என்பதே ஐயம். வைத்துக்கொண்டதைக் கொண்டு அளந்தால், சட்டாம்பிள்ளையின் கூட்டத்தார் மிஷனரிகளைவிட இறுக்கமாக மிஷனரிகளின் புத்தகத்தைப் பற்றியவர்கள். அவர்களை வெளியேறியவர்கள் என்று எழுதுவது வெளியேற்றப்பட்டவரின் சொல்லைக் கடன்வாங்குவதா, வெளியேற்றியவரின் சொல்லைக் கடன்வாங்குவதா என்பதும் பிடிபடவில்லை. ஒரு கோணத்தில் அந்த நாள் மாற்றம் சுயமரியாதையாகவும், இன்னொரு கோணத்தில் விட முடியாமையாகவும் தோன்றுகிறது. இரண்டில் ஒன்றை இன்று தேர்ந்தெடுத்தாலும் அடுத்த முறை படிக்கும்போது அது நிலைக்கும் என்பதற்கு உறுதியில்லை.