பாடசாலையில் கைக்கருவி

கைப்பேசியும் கைக்கணினியும் வகுப்பறைக்குள் புகுதல் நன்றோ தீதோ என்னும் வினா இன்று பட்டணத்திலும் தோட்டத்திலும் ஒருங்கே எழுந்துள்ளது. உலகத்து அறிவனைத்தையும் உள்ளங்கையிற் கொணரும் சாதனத்தைப் பிள்ளைகளுக்கு மறுப்பது அறியாமையை வளர்ப்பதேயாகும் என்பர் ஒரு சாரார். அது புத்தியைச் சிதறடிக்கும் விளையாட்டுப் பொருளே என்பர் மறுசாரார். இரு சாராரும் கருவியையே நோக்குகின்றனர். நாமோ பிள்ளையை, அதிலும் தோட்டத்து ஏழைப் பிள்ளையை, முன்னிறுத்தி இதனை ஆராயக் கருதுகிறோம்.

முதற்கண் நன்மையைக் கூறுவோம். நூல்நிலையம் இல்லாத தோட்டங்கள் பல. அகராதியையும் நிலப்படத்தையும் நல்ல நூல்களையும் ஒரு சிறு கருவி தருமாயின், செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதேனும் குறையுமன்றோ? கண்பார்வை குன்றிய பிள்ளைக்கு அஃது எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும், படித்துஞ் சொல்லும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெருந்தொற்றினால் மலேசியப் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதன் அருமையை யாவரும் உணர்ந்தனர். அக்காலை ஏறத்தாழ 9 லட்சம் மாணவரைக் குறித்துக் கல்வி அமைச்சு பெற்றோரிடம் விசாரித்ததில், நூற்றுக்கு 37 பேரிடம் எவ்விதக் கருவியும் இல்லை என்பது வெளியாயிற்று. வீட்டிலிருந்த ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்குக் கொண்டுசெல்ல, அவர் திரும்பும்வரை காத்திருந்து பாடம் பார்த்த பிள்ளைகளும் உண்டு. கருவியே வேண்டாவென்று மேடையிற் பேசுவோர் இவர்களை மறத்தல் ஆகாது.

நிற்க. கருவியைக் கொடுத்துவிட்டால் கல்வி தானே வந்துவிடுமோ? பெரு நாட்டு அரசாங்கம் பாடசாலைகளுக்கு லட்சக்கணக்கான சிறு கணினிகளை வழங்கிற்று. ஆயினும் 2012ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியில், அவற்றைப் பெற்ற பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் பிறரை விஞ்சியதாகக் காணப்படவில்லை. கணினி வந்தது, அதைக்கொண்டு கற்பிக்கும் பயிற்சி ஆசிரியருக்குப் போதிய அளவு வரவில்லை.

கருவியில் குற்றமில்லை, கையாள்வோர் குணமே காரணம் என்னும் வாதமும் நமக்கு முழு நியாயமாகத் தோன்றவில்லை. பால்மரம் வெட்டுங் கத்தியும் ஒரு கருவியே. ஆழம் மிஞ்சினால் மரத்துக்குக் காயம் என்பதைத் தோட்டத்தார் அறிவர். ஆயினும், வேலை முடிந்தபின் அக்கத்தி வெட்டியவனைக் கூவி அழைப்பதில்லை. கைப்பேசியோ அழைக்கிறது. பார்ப்பவர் கண் எத்துணை நேரம் அகலாதிருக்கின்றதோ, அத்துணை லாபம் அதிலுள்ள விளையாட்டுகளையும் படக்காட்சிகளையும் அமைத்தோருக்கு உண்டு. பத்து வயதுப் பிள்ளையைப் பெரு வியாபாரத்தின் சாமர்த்தியத்துக்கு எதிரே தனியே நிறுத்திவிட்டு, தோற்றபின் அப்பிள்ளையைப் பழித்தல் நீதியாகுமா?

செல்வர் பிள்ளை வகுப்பில் இழந்த கவனத்தை மாலையில் தனிவகுப்புக்குப் பணங்கட்டி மீட்டுக்கொள்ளும். நம் பிள்ளைக்குக் கவனமே கைம்முதல். அது போயின் மீட்பதற்கு வேறு பொருளில்லை. ஆகவே, கருவி கிட்டாமையாலும் கருவிக்கு அடிமையாதலாலும் மிகுந்த நஷ்டமடைவது ஏழைப் பிள்ளையே.

சிங்கப்பூர் 2021ஆம் ஆண்டு முடிவதற்குள் உயர்நிலைப்பள்ளி மாணவர் அனைவருக்கும் கற்றற் கருவி கிடைக்கச் செய்தது. அந்நாடே 2026ஆம் ஆண்டு ஜனவரி முதல் அம்மாணவர் இடைவேளையிலுங்கூடத் திறன்பேசியைத் தொடலாகாதென விதித்தது. இதனை முரண் என்பர் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆசிரியர் சொல்லுக்குத் திறந்து மூடுங் கருவி வேறு; சட்டைப்பையிலிருந்து ஓயாது அழைக்குங் கருவி வேறு.

நம் தமிழ்ப் பாடசாலைகளிலும் இவ்வழி இயலாததன்று. கருவிகள் பாடசாலையின் உடைமையாய் அலமாரியில் இருக்கட்டும். பாடத்துக்கு வெளிவந்து, பாடம் முடிந்ததும் உள்ளே செல்லட்டும். மாலை நேரத்தில் தோட்டத்து மண்டபத்தில் இணைய வசதியும், மேற்பார்க்க ஒரு பெரியவரும் இருக்கட்டும். வீட்டில் பிள்ளை படிக்கும் வேளையில் பெற்றோரும் தத்தம் கைப்பேசியை ஒதுக்கி வைப்பாராக. வாங்கித் தந்ததோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுவோரும், பறித்து வைத்ததோடு தீர்ந்ததென்று எண்ணுவோரும் பிள்ளையின் அருகில் அமரும் வேலையைத் தட்டிக் கழிப்போரே யாவர். அவ்வேலையை எக்கருவியும் நமக்காகச் செய்யாது.