மறுமொழி என்னும் கடமை

எழுதியவன் தன் எழுத்தை வாசிக்குமாறு பிறரிடம் கேட்க உரிமை உடையவனா? உடையவனெனின், வாசிக்கும் கடமை யாருடையது? கதை, கவிதை எழுதுவோருக்கும் இவ்வினா எழுவதுண்டு. எனினும் நாடகம் எழுதுவோரிடத்தில்தான் அது கூர்மை பெறுகிறது. கவிதை ஒரு வாசகர் கிடைத்தாலே நிறைவெய்திவிடும். நாடகமோ இயக்குநர், நடிகர், அவையோர் எனப் பலர் கூடினாலன்றி நிறைவெய்தாது. அப்பலருள் முதல்வர், கைப்பிரதியை வாங்கி வாசிப்பவரே. அவர் வாசியாதபோது நாடகம் தோற்றது என்றும் சொல்வதற்கில்லை. அது பிறக்கவே இல்லை.

தமிழ் நாடக வரலாற்றில் பெயர் பெற்றோர் பலர் இவ்விடர்ப்பாட்டைத் தாமே குழு அமைத்துக் கடந்தனர். பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். அவர் எழுதிய தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நாடகங்களுக்கு அச்சபையே களமாயிற்று. பிற்காலத்தில் ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தார். ஆனால் எழுதுகின்ற ஒவ்வொருவரும் ஒரு சபையை நிறுவிவிட இயலுமா?

நெய்வேலி போன்ற ஓர் ஊரை எண்ணிப் பார்ப்போம். 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைந்தபின் எழுந்த நகரியம் அது. பல மாவட்டத்தாரும் பல மொழியினரும் வட்டம் வட்டமாகக் குடியமர்ந்து வாழும் இடம். அங்கே இரவு ஷிப்டு முடிந்து வந்து, வீட்டார் விழிக்குமுன் நாடகம் எழுதும் இளைஞன் ஒருவன் இருப்பானாயின், அவன் அதை யாரிடம் கொடுப்பான்? 1998 முதல் அங்கு நடந்துவரும் புத்தகக் கண்காட்சியையொட்டிச் சிறுகதைக்கும் குறும்படத்துக்கும் போட்டிகள் நடந்ததுண்டு. நாடகப் பிரதிக்கு அத்தகைய வாயில்கள் அரியவை. அவன் சென்னையிலுள்ள ஒரு குழுவுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறான். திங்கள்கள் கழிகின்றன. ‘நன்று’ என்றும் விடையில்லை. ‘வேண்டா’ என்றும் விடையில்லை.

நாடகப் பிரதியைத் தவறாது வாசிக்க வேண்டிய ஒருவர் நம் நாட்டில் நெடுங்காலம் இருந்தார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. அவர் கலைஞர் அல்லர், அரசு அதிகாரி. ஆங்கிலேயர் 1876-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றினர். விடுதலைக்குப் பின்னரும் 1954-இல் தமிழகத்தில் ஒரு நாடகச் சட்டம் வந்தது. பிரதியைக் காட்டி முன் அனுமதி பெற்றே நடிக்கவேண்டிய நிலை தொடர்ந்தது. ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ஆம் ஆண்டிலேதான் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது. குற்றம் காணும் நோக்குடையோர் வரிவரியாக வாசித்தனர். கலையை நேசிப்போர் உறையைப் பிரிக்கவும் நேரமின்றி இருந்தனர். இது நகைப்பதற்குரியதா, நாணுவதற்குரியதா?

வாசிக்க மறுப்போர் தரப்பிலும் நியாயம் உண்டு. இலண்டன் ராயல் கோர்ட் அரங்கினர் புதிய நாடகங்களை வேண்டி விளம்பரம் செய்தபோது ஏறத்தாழ 750 பிரதிகள் குவிந்தன. அவற்றுள் அவர்கள் மேடையேற்றத் தக்கதெனக் கண்டது ஜான் ஆஸ்பார்னின் ஒன்றே. ஒன்றைக் கண்டெடுக்க எஞ்சியவை அனைத்தையும் புரட்டியாக வேண்டும். அதற்குக் கூலியில்லை, புகழுமில்லை. மேலும், நாடகப் பிரதி வாசிப்பதற்கு எளிதன்று. உரையாடலை மட்டும் கண்ணால் கண்டு, குரலையும் மௌனத்தையும் வாசகரே மனத்துள் அமைத்துக்கொள்ள வேண்டும்.

அவ்வாறாயின் கடமை எங்கே தொடங்குகிறது? நாம் நாள்தோறும் பேணும் ஓர் ஒழுக்கமே இதற்கு வழிகாட்டக் காண்கிறேன். ஸலாம் உரைப்பது ஸுன்னத்து. உரைத்த ஸலாத்துக்கு மறுமொழி பகர்வதோ கட்டாயக் கடமை. தொடங்குவது விருப்பத்தின்பாற்பட்டது, விடையளிப்பது அவ்வாறன்று. எழுதுவதும் அனுப்புவதும் எழுதுவோன் விருப்பம். உலகம் அவனைப் பாராட்டியே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் ‘கொடுங்கள், பார்க்கிறேன்’ என்று கைநீட்டி வாங்கியவரிடத்தில் அப்பிரதி ஓர் அமானிதமாகிவிடுகிறது. அமானிதத்தைப் பெட்டியில் பூட்டி மறந்துவிடுதல் பேணுதலாகாது. வாசிக்க இயலாதெனின் வாங்குமுன்பே சொல்லிவிடலாம். வாசித்துப் பிடிக்கவில்லையெனின் அதையும் சொல்லலாம். மறுப்பும் ஒரு மறுமொழியே. மௌனம் மட்டுமே மறுமொழியாகாது.

நம் இலக்கிய வரலாற்றிலேயே இதற்குச் சான்றுண்டு. சீறாப்புராணம் பாட முனைந்த உமறுப்புலவர், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றுச் செய்திகளை வேண்டிச் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை அணுகியபோது முதலில் மறுக்கப்பட்டார் என்பதும், பின்னர் அப்பெருமகனார் மனமிசைந்து வழிகாட்ட, பரங்கிப்பேட்டை சென்று செய்திகளைப் பெற்றார் என்பதும் வழிவழியாக வரும் செய்தி. வள்ளல் சீதக்காதிக்குப் பின் அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்ததனாலேயே நூல் அரங்கேறிற்று என்பர். நெய்வேலி இருக்கும் அதே கடலூர் மாவட்டத்துக் கடற்கரை ஊர்தான் பரங்கிப்பேட்டை. முதலில் மறுத்த பெரியாரும் பின்னர் திரும்பிப் பார்த்தார். அத்திரும்பிப் பார்த்தலால் தமிழுக்கு ஒரு காப்பியம் கிடைத்தது.

எழுதுவோனுக்கும் கடமை உண்டு. நெய்வேலியில் 1957-இல் தொடங்கிய அகழ்வு, 1961-இல்தான் நிலக்கரியைத் தொட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிவந்ததெல்லாம் மேல்மண்ணே. தன் முதற்படியில் எது மண், எது கரி என்று பிரித்தறியும் உழைப்பை வாசகர் தலையில் முழுதும் சுமத்துவது முறையன்று. ஒருமுறைக்கு மும்முறை திருத்தி, பிறர் வாயால் படிக்கச் செய்து கேட்டபின் அனுப்புவதே வாசகரின் நேரத்துக்குச் செய்யும் மரியாதை.

அங்ஙனம் படித்துக் கேட்பதற்குப் பெரிய அரங்கு எதற்கு? முன்னாளில் நூல்கள் அவையில் உரக்க வாசிக்கப்பட்டே அரங்கேறின. நம் இல்லங்களில் சீறா படித்துப் பொருள் கூறக் கேட்ட வழக்கமும் இருந்தது. திங்களுக்கு ஒரு மாலை, ஓர் இல்லத்துக் கூடத்தில் நாலைந்து பேர் அமர்ந்து, புதியவன் ஒருவனின் நாடகத்தைப் பாத்திரம் பிரித்து வாசிக்கலாகாதா? அவன் தன் சொல்லைப் பிறர் குரலில் முதன்முதலாகக் கேட்பான். குறை எதுவென்று நாம் சொல்லுமுன் அவனே அறிவான். நமக்கு அதனால் ஆகும் செலவு இரண்டு மணி நேரமே. அவனுக்கோ அது, பல்லாண்டு சொல்லிக் காத்திருந்த ஸலாத்துக்குக் கிடைத்த மறுமொழி.