மல்லைப் பாறையில் ஒரு பூனை

மாமல்லபுரம் போகாதவர்கள் இந்தச் சபையில் குறைவாகத்தான் இருப்பீர்கள். கடற்கரைக் கோயிலைச் சுற்றிவிட்டு, வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தள்ளிப் பார்த்துவிட்டு, அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தின் முன் ஐந்து நிமிஷம் நின்றிருப்பீர்கள். ‘அர்ச்சுனன் தபசு’ என்று வழிகாட்டி சொல்லியிருப்பார். நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள்.

அர்ச்சுனன்தானா? 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பிகள் ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கினார்கள். இவர் இன்னார் என்று எழுதி வைக்கவில்லை. கைகளை உயர்த்தி, விலா எலும்பு தெரிய, ஒற்றைக்காலில் ஒருவர் நிற்கிறார். பக்கத்தில் வரம் தரும் கையோடு பரமசிவன். பாசுபத அஸ்திரம் வேண்டிய அர்ச்சுனன் என்கிறது ஒரு கட்சி. கங்கையை வேண்டிய பகீரதன் என்கிறது மறுகட்சி. பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் கைகூப்பி மேலேறுகிறார்கள். மேலே தண்ணீர்த் தொட்டி இருந்த தடயமும் உண்டு. அப்படியானால் கங்கைதானே? சரி, சடையில் அவளைத் தாங்கும் கோலம் எங்கே? அர்ச்சுனன் என்றால், வேடனாக வந்து ஈசன் மல்லுக்கு நின்ற காட்சி எங்கே?

என் மனசு பகீரதன் பக்கம் சாய்கிறது. ஆற்றில் தண்ணீர் வராதா என்று ஏங்குகிற ஊர்க்காரன் நான், வேறெப்படிச் சாயும்? வழக்கில் ஜெயிக்கத் துடிக்கிறவருக்கு அங்கே அஸ்திரம்தான் தெரியும்.

பூனைக்கு வாருங்கள். யானைகளுக்குப் பக்கத்தில் பின்னங்கால்களை ஊன்றி, முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள். கதை பாரதத்தில் இருக்கிறது: கங்கைக்கரையில் தவசியாக நடித்த பூனை, நம்பி வந்த எலிகளைத் தின்று கொழுத்தது. பாரதக் கதை, ஆகவே அர்ச்சுனன் என்பார் ஒருவர். கங்கைக்கரை, ஆகவே பகீரதன் என்பார் இன்னொருவர்! ஈசன் நிற்கும் இடத்தில் பூனையும் பகை மறந்தது, எலியும் பயம் விட்டது என்று கொள்கிற பெரியவர்களும் உண்டு. கல் யாரையும் மறுக்கவில்லை.

அந்தக் கதையைப் பாரதத்தில் சொல்லி அனுப்புகிறவன் யார் தெரியுமா? துரியோதனன். போர் தொடங்குமுன் உலூகனைத் தூதனுப்பி, தருமரைத்தான் அவன் பூனை என்கிறான். ஐந்து ஊர் கொடுத்தால் போதும் என்று இறங்கி வந்த மனிதர், அவன் கண்ணுக்கு வேஷதாரி! மல்லையில் அந்தப் பூனையைக் காட்டி, ‘போலிச் சாமியார்’ என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்கிறோமே, அப்போது நாம் நம்புவது அவன் சொன்ன கதையைத்தான்.