மேயர் இல்லாத மேரி

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஒரு கம்பீரமான கட்டடம் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் 'மேரி' என்பார்கள். மாதா கோயில் என்று நினைத்துவிடாதீர்கள். பிரெஞ்சு மொழியில் மேரி என்றால் மேயரின் அலுவலகம். நம்ம பாஷையில் முனிசிபல் ஆபீஸ். 1870 வாக்கில் கட்டியது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பழசு எப்படி இருந்ததோ அதே அச்சாக, சுமார் 15 கோடி ரூபாய் செலவில் திரும்ப எழுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் திறப்பு விழாவும் நடந்தது.

ரொம்ப சந்தோஷம். ஆனால், உள்ளே உட்கார வேண்டியவர்கள் எங்கே?

புதுச்சேரியில் 1968-ல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கு அடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 2006-ல். நடுவில் 38 வருஷம்! 2006-ல் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. பிறகு 2021-ல் தேர்தல் தேதி அறிவித்தார்கள். வார்டு இடஒதுக்கீட்டில் பிரச்னை, கோர்ட், வழக்கு என்று அதுவும் நின்றுபோனது. ஆக, மேரி இடிந்து விழுவதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே அந்த ஊரின் கவுன்சில் காலி. கட்டடம் விழுந்தது எல்லோருக்கும் தெரிந்தது. கவுன்சில் போனது பலருக்குத் தெரியவே இல்லை.

இதில் ஒரு சரித்திர வேடிக்கை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 1880-லேயே அங்கே நகராட்சிகளை ஏற்படுத்திவிட்டார்கள். பெரிய யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. ஐரோப்பியருக்குத் தனிப் பட்டியல், இந்தியருக்குத் தனிப் பட்டியல் என்று பிரித்து, கைப்பிடி ஐரோப்பியருக்கு அளவுக்கு மீறி இடம் கொடுத்தவர்கள்தான். தேர்தல் என்றால் அடிதடியும் சகஜம். ஆனாலும், தெருவுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும் என்ற எண்ணம் அந்த ஊரில் வேர்விட்டது.

அது எவ்வளவு முக்கியம் என்பது 1954-ல் தெரிந்தது. புதுச்சேரி இந்தியாவோடு சேருவதா, வேண்டாமா? அக்டோபர் 18-ம் தேதி கீழூர் என்ற சின்ன கிராமத்தில் 178 பேர் கூடி ஓட்டுப் போட்டார்கள். சேரலாம் என்று 170 பேர் சொன்னார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கைமாறியது. அந்த 178 பேர் யார்? பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி கவுன்சிலர்களும். அதில் பெரும்பாலோர் கவுன்சிலர்கள்தான். எந்த நாட்டோடு இருப்பது என்பதையே முடிவுசெய்த கவுன்சிலர்களுக்கு, சாக்கடை எங்கே ஓடுவது என்று முடிவுசெய்ய அப்புறம் இடமில்லாமல் போய்விட்டது.

சரி, இதில் தப்பு செய்தது யார்? இங்கேதான் சிக்கல். யாரும் வந்து 'உன் ஓட்டுரிமையைப் பறித்துவிட்டேன்' என்று சொல்லவில்லை. பறித்திருந்தால் அதற்கு ஒரு தேதி இருக்கும். ஊர்வலம் போகலாம், கறுப்புக் கொடி காட்டலாம். தள்ளிப்போட்டதற்குத் தேதி ஏது?

கூட்டுக் குடும்பத்தில் பார்த்திருப்பீர்கள். அண்ணன் பாகம் பிரிக்கவே மாட்டார். கேட்டால், "உனக்குப் பங்கு இல்லேன்னு எவன் சொன்னான்? இப்ப என்ன அவசரம்?" என்பார். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. தம்பி கிழவனாகிவிடுவான்.

"கவுன்சிலர் இல்லாம என்ன சார் கெட்டுப்போச்சு? குப்பை அள்றாங்க, விளக்கு எரியுது. கவுன்சிலர் வந்தா கமிஷன் அடிக்கத்தான் வருவான்" என்று சிலர் சொல்லலாம். அலட்சியமாகத் தள்ள முடியாத வாதம் இது. அதோடு, அந்தச் சின்னப் பிரதேசத்துக்கு 30 எம்.எல்.ஏ.க்கள். ஒரு தொகுதிக்குச் சராசரியாக 30 ஆயிரம் சொச்சம் வாக்காளர்கள்தான். எம்.எல்.ஏ.வே தெருமுனையில் கிடைக்கும்போது கவுன்சிலர் எதற்கு?

எதற்கு என்றால், கணக்குக் கேட்க. ஆணையர் தங்கமானவராகவே இருக்கட்டும். அவர் பதில் சொல்ல வேண்டியது மேலிடத்துக்கு. நாளைக்கே மாற்றலாகிப் போகலாம். எம்.எல்.ஏ. குழாய் போட்டுக் கொடுத்தால் அது அவர் செய்த உபகாரம், நாம் நன்றி சொல்ல வேண்டும். கவுன்சிலர் போட்டுக் கொடுத்தால் அது அவர் வேலை. செய்யாவிட்டால் 'ஏன்யா செய்யலை?' என்று அடுத்த தெருவில் இருப்பவரை வாசலில் நிறுத்திக் கேட்கலாம். நல்ல எஜமானிடம் வேலை பார்ப்பவனுக்கும் மூன்று வேளை சாப்பாடு கிடைக்கும். அதற்காக வீடு அவனுடையது ஆகிவிடாது.

இன்னொன்று. உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடமாவது பெண்களுக்கு என்று 1993-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத் திருத்தம் சொல்கிறது. தேர்தலே இல்லையென்றால், எதில் மூன்றில் ஒரு பங்கு?

தமிழ்நாட்டுக்காரர்கள் சிரிக்க வேண்டாம். சென்னை மாநகராட்சியில் 1973 முதல் 1996 வரை கவுன்சில் கிடையாது. 2016-ல் நடந்திருக்க வேண்டிய நகர்ப்புறத் தேர்தல் 2022-ல்தான் நடந்தது. இந்த வியாதிக்குக் கட்சியும் இல்லை, எல்லைக்கோடும் இல்லை.

நிலத்துக்கு 'அனுபவ பாத்தியதை' என்று ஒரு சட்டம் உண்டு. உங்கள் மனையில் இன்னொருவர் பகிரங்கமாக 12 வருஷம் உரிமை கொண்டாடி, நீங்கள் வழக்குப் போடாமலே இருந்துவிட்டால், திருப்பிக் கேட்கும் உரிமையே போய்விடும். ஓட்டுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் பழக்கம் அந்த வேலையைக் கச்சிதமாகச் செய்துவிடுகிறது. 2006-ல் 17 வயதாக இருந்த புதுச்சேரிக்காரருக்கு 2024 நாடாளுமன்றத் தேர்தலின்போது 35 வயது. டெல்லிக்கு ஆள் அனுப்ப ஓட்டுப் போட்டிருக்கிறார். தன் தெருவுக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க அதுவரை ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ருசியே தெரியாத பண்டத்தை யார் கேட்டு அழுவார்கள்?

ருசி தெரிந்தவர்கள்தான் கேட்க வேண்டும். 2006-ல் ஓட்டுப் போட்டவர்கள், 1968-ல் போட்டுவிட்டு இன்னும் நம்மோடு இருக்கும் பெரியவர்கள். உரிமையை ஒத்திப்போட்டவர்களுக்கு இதில் முதல் பழி. ஞாபகம் இருந்தும் வாயைத் திறக்காதவர்களுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவர் என்ன தருவார் என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "எங்க வார்டுக்கு எலெக்‌ஷன் எப்ப வைப்பீங்க?"