சார்ந்து நிற்றல் இழிவா?

பிறரைச் சார்ந்து நிற்பவன் சுதந்திரமற்றவன் என்று நாம் இளமை முதலே கேட்டு வந்திருக்கிறோம். ஒருவர் கையையும் எதிர்பாராமல் வாழ்வதே பெருமை என்பது மேடைதோறும் ஒலிக்கும் போதனை. இப்போதனை எவ்வளவு தூரம் உண்மை? இதனை ஆராய நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் சற்றுப் புதியது. குறியீட்டுக் கணிதம் செய்யும் கணினி மென்பொருளே அது.

இவ்வகை மென்பொருள் எண்களோடு எழுத்துகளையும் கையாளும். இரண்டின் வர்க்கமூலத்தை 1.414 என்று குறுக்கிவிடாமல் வர்க்கமூலமாகவே வைத்துக்கொண்டு சமன்பாடு தீர்க்கும். வகையீடும் தொகையீடும் செய்யும். இலவசமாகக் கிடைக்கும் சிம்பை அத்தகைய ஒன்று. லிந்துலையில் உயர்தர வகுப்பில் கணிதம் பயிலும் மாணவி ஒருத்தி, விலை கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு வழியின்றி, சிம்பையைத் தன் கணினியில் நிறுவ முற்படுகிறாள் என்று கொள்வோம். அவள் கேட்டது ஒன்று. வந்து சேர்வது இரண்டு. ஏனெனில் சிம்பை தனித்து இயங்காது. தசம எண்களை வேண்டிய துல்லியத்தோடு கணிக்க அது எம்பிமேத் என்னும் பொதியை நம்பியிருக்கிறது. எம்பிமேத்தோ, வாய்ப்புள்ள இடத்தில், 1991 முதல் வளர்ந்துவரும் ஜிஎம்பி என்னும் பேரெண் நூலகத்திடம் வேகத்தைக் கடன் வாங்குகிறது.

இச்சங்கிலியில் ஒரு கண்ணி அசைந்தால் என்னவாகும்? 2024இல் எம்பிமேத் 1.4இன் முன்னோட்டப் பதிப்பில் அதன் உட்பகுதி ஒன்று அகற்றப்பட்டது. அவ்வுட்பகுதியை நேரே தொட்டுப் பழகியிருந்த சிம்பை இயங்க மறுத்தது. உடனே சிம்பையைப் பேணுவோர், '1.4க்குக் கீழ்ப்பட்ட எம்பிமேத் மட்டுமே' என்று எல்லை வகுத்தனர். அதே ஆண்டில் வெளியான பைடார்ச் 2.5, சிம்பையில் 1.13.1 என்னும் ஒரே பதிப்பைத்தான் ஏற்பேன் என்றது. இவ்வாறு ஒவ்வொருவரும் தம்மைக் காத்துக்கொள்ள இடும் வேலி, இரண்டையும் ஒருங்கே வேண்டுபவரின் வழியை அடைத்துவிடுகிறது. பொதிகள் பெருகும்போது எல்லா நிபந்தனைகளுக்கும் இணங்கும் ஒரு தொகுதி உண்டா என்று அறிவதே, கணினி அறிவியலின் மிகக் கடினமான கணக்குகளின் இனத்தைச் சேர்ந்தது என நிறுவப்பட்டிருக்கிறது. பைதன் பொதிகளை நிறுவும் பிப் என்னும் கருவி, 2020இன் இறுதியில் வந்த 20.3ஆம் பதிப்பில்தான் முரண்பட்ட நிபந்தனைகளை ஏற்க மறுக்கக் கற்றுக்கொண்டது.

வழக்கமான பரிகாரம் ஒன்றுண்டு. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிச் சூழல் அமைத்து, லயத்துக் காம்பராக்களைப் போல இடையே சுவர் வைத்துவிடுவது. மாணவியின் வேலை நடக்கும். அதனை நாம் குறை கூறவில்லை. ஆயினும் முரண்பட்டோர் பிரித்து வைக்கப்பட்டார்களேயன்றி, முரண்பாடு தீர்க்கப்படவில்லை. சார்பைப் பற்றிய அறக்கேள்வியும் அப்படியே நிற்கிறது.

அக்கேள்விக்கு விடை தேட மலையகத்தின் வரலாறு நமக்கு இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. ஒன்று, துண்டு. முற்காலத்தில் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போக, அவன் தலைமேலுள்ள கடனைக் குறித்த துண்டுச் சீட்டு வேண்டும். புதிய தோட்டம் கொடுக்கும் பணம் பழைய கடனைத் தீர்க்கும். அப்பணமே புதிய கடனாக அவன்மேல் ஏறும். இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தோட்டத்தைச் சார்ந்து பிழைத்ததா அவனுக்கு இழிவு? விட்டு விலக முடியாமற் போனதே அநீதி.

இவ்வளவுகோலால் சிம்பை போன்றவற்றை அளந்து பார்ப்போம். இவற்றின் நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிரித்தெடுத்துத் தனியே வளர்க்கலாம். 1968இல் எம்.ஐ.டி.யில் தொடங்கிய மாக்சைமா (Macsyma) என்னும் பழைய மென்பொருளின் ஒரு கிளையை வில்லியம் ஷெல்டர் பல ஆண்டுகள் பேணினார். 1998இல் அமெரிக்க எரிசக்தித் துறையின் அனுமதி பெற்று அதனைச் சுதந்திர உரிமத்தில் பொதுவில் வைத்தார். 2001இல் அவர் மறைந்தார். வேலையைப் பிறர் தொடர்ந்தனர். மாக்சிமா என்ற பெயரில் அது வாழ்கிறது. இங்கே துண்டு இல்லை.

ஆனால் காகிதத்தில் உள்ள உரிமை கைக்கு எட்டிய உரிமையாகிவிடுமா? துண்டு ஒழிந்த மறுநாள் தொழிலாளி எங்கே போயிருப்பான்? நிரலைப் படிக்கும் கல்வியின்றி, திருத்தும் உரிமை லிந்துலை மாணவிக்கு வெறும் வாசகமே. அக்கல்வி எட்டாக்கனியுமன்று. சிம்பையின் கருப்பகுதியை வேகமாக்க எழுந்த சிம்என்ஜின் நூலகத்தில், மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் உழைத்திருக்கிறார்கள்.

மற்றோர் அளவுகோல், செக்ரோல். தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்றே பெயர். நிர்ணயித்த கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். செக்ரோலில் பேர் விழுந்தால் கூலி உண்டு. ஒவ்வொரு மென்பொருளும் தான் சார்ந்த பொதிகளின் பட்டியலைச் சுமந்து திரிகிறது. அது கூலியில்லாத செக்ரோல். ஓய்வு நேரத்தில் ஊதியமின்றிச் சிலர் பேணும் பொதிகளின் மேல் பெருநிறுவனங்கள் இலாபக் கோபுரம் எழுப்புகின்றன. விரும்பி நிரல் எழுதுபவரும், அட்டைக் கடியில் கொழுந்து பறிப்பவரும் ஒரே நிலையினர் என்று நாம் சொல்ல வரவில்லை. சார்ந்து நிற்பவன் தன் சார்பை மறைக்கும் விதம்தான் இரண்டிலும் ஒன்று. 1867இல் லூல்கந்துராவில் தேயிலை பயிரான பின் நாட்டின் வருவாய் எந்தக் கைகளைச் சார்ந்து நின்றதோ, அக்கைகளுக்குரியோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மறுத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருப்பே மிஞ்சியது. தோட்டத்தை அண்டிப் பிழைப்பவர்கள் என்று தொழிலாளரைச் சொன்ன நாடு, தான் அவர்களை அண்டிப் பிழைத்ததைச் சொல்லவில்லை.

ஆகவே சார்ந்து நிற்றல் இழிவன்று. மனிதன் கூடி வாழ்வதன் இயல்பு அது. சார்பு நியாயமானதா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும். விலகிச் செல்லும் வலிமை சார்ந்தவருக்கு உண்டா? தாங்கி நிற்பவரின் பேரும் அவருக்குரிய பங்கும் ஏட்டில் ஏறியிருக்கின்றனவா? கணினி வகுப்பில் பிழைச் செய்தி தோன்றும்போது, அதனை நீக்கும் கட்டளையை மட்டும் கற்பித்து ஆசிரியர் நகர்ந்துவிட வேண்டாம். அச்செய்தியிலுள்ள பொதிகளின் பெயர்களை மாணவர் உரக்கப் படிக்கட்டும்; அவற்றை எழுதியவர் யார், பேணுபவர் யார், எதைக்கொண்டு பிழைக்கிறார் என்று கேட்கட்டும். முரண்பாட்டைத் தீர்க்கும் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.