ஓதம் ஏறும் சுவர்: மலக் கொள்கை பற்றிய ஒரு சிந்தனை

உயிரைப் பற்றிய குற்றம் வெளியிலிருந்து வந்து ஒட்டியதா, உயிரோடு என்றும் உடனிருப்பதா, அல்லது குற்றம் என ஒன்று உண்மையில் இல்லவே இல்லையா என்ற வினா, தமிழ் மண்ணில் வாதிட்ட சமயங்கள் அனைத்தையும் வெவ்வேறு வழிகளில் பிரித்து நிறுத்திய வினாவாகும். செம்பில் களிம்பு, நெல்லில் உமி, கயிற்றில் பாம்பு என ஒவ்வொரு சமயமும் தன் கொள்கைக்கு ஏற்ற உவமையைத் தேடிக்கொண்டது. சேலம், நாமக்கல் சமவெளியின் வீடுகளில் அன்றாடம் காணக்கூடிய இன்னொரு பொருளும் இந்த வினாவுக்கு உரைகல்லாகக் கூடியது. அது அடிச்சுவரில் ஏறும் ஓதம், அதாவது நிலத்திலுள்ள ஈரம் சுவருக்குள் புகுந்து மேலே பரவுதல்.

இப்பகுதியில் கட்டடத் தொழிலாளர்கள் 'பேஸ்மட்டம்' என்று சொல்வது நிலத்துக்கு அடியில் உள்ள அறையை அன்று. கடைக்கால் தோண்டிக் கருங்கல் கட்டி, தரைமட்டத்துக்கு மேல் சில அடி உயர்த்தி, நடுவில் மண் நிரப்பிக் கெட்டித்த மேடையையே அச்சொல் குறிக்கிறது. ஆங்கிலத்தில் கீழே இறங்கிய சொல் இங்கே மேலே ஏறியதற்குக் காரணம், இங்குள்ளவர்களுக்கு வீட்டின் அடிப்பகுதி குடியிருப்பதற்கான இடமாக அல்லாமல், வீட்டை மண்ணிலிருந்து விலக்கி வைப்பதற்கான இடமாக இருந்ததே எனலாம். ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் இச்சமவெளியிலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறிய பின் அந்த விலக்கம் போதாமல் போவதுண்டு. செங்கல்லிலும் சாந்திலும் உள்ள நுண்துளைகள் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல நீரை மேலே இழுக்கின்றன. துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும் என்பதால், வெளியே ஒரு சொட்டு நீர்கூடத் தெரியாத சுவரும் உள்ளே நனைந்திருக்கலாம்.

நனைந்த சுவரின் முகத்தை அருகில் சென்று பார்த்தால், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கறைபடிந்த அலைக்கோடு ஒன்றும், அதன் கீழ் பஞ்சு போன்ற வெண்மையும் தெரியும். உப்புப் பூத்தல் எனப்படும் அது, மண்ணிலிருந்து கரைந்து வந்த உப்பு, நீர் ஆவியான இடத்தில் படிகமாக எஞ்சி நிற்பதாகும். துடைப்பத்தால் தட்டினால் உதிர்ந்துவிடும். சில நாள்களில் மீண்டும் பூக்கும். படிகம் துளைக்குள் வளரும்போது செங்கல்லின் முகத்தையே பொரிந்து உதிரச் செய்கிறது. கறையை மறைக்க அதன்மேல் அழுத்தமான சிமென்ட் பூச்சைப் பூசினால், நீர் ஆவியாகும் வழி அடைபடுகிறதேயன்றி வரும் வழி அடைபடுவதில்லை. எனவே ஓதம் பூச்சுக்குப் பின்னால் இன்னும் உயரமாக ஏறி, பூச்சு முடியும் இடத்தில் தலைகாட்டுகிறது. இதற்கு உரிய மாற்று, கருங்கல் கட்டுக்கும் செங்கல் சுவருக்கும் இடையில் நீர் ஊடுருவாத ஓர் அடுக்கை, காங்கிரீட் பெல்ட்டாகவோ தார்ப் பூச்சாகவோ கற்பலகையாகவோ, சுவர் எழும்புவதற்கு முன்பே இடுவதாகும்.

இக்காட்சியைச் சமண மெய்யியல் தன் கொள்கையின் வரைபடமாகவே கொள்ள முடியும். கொங்கு மண்டலத்தில் சமணம் வேரூன்றியிருந்ததற்கு விசயமங்கலத்துச் சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் சான்றாக நிற்கிறது. அச்சமயத்தின்படி வினை என்பது வெறும் செயலன்று, உயிருக்குள் பாய்ந்து படியும் நுண்ணிய பருப்பொருள். அது பாய்வதற்கு ஊற்று என்றும், படிந்து பிணிப்பதற்குக் கட்டு என்றும், வரும் வழியை அடைப்பதற்குச் செறிப்பு என்றும், ஏற்கெனவே படிந்ததைத் தவத்தால் நீக்குவதற்கு உதிர்ப்பு என்றும் தமிழ்ச் சமண நூல்கள் பெயரிட்டன. செறிப்பு முந்தவேண்டும், உதிர்ப்பு பின்வரவேண்டும் என்ற முறை, ஓதம் வரும் வழியை அடைக்காமல் உப்பை மட்டும் துடைப்பவரின் வீண்வேலையை நினைத்தால் எளிதில் விளங்கும். இக்கொள்கையில் உயிர் இயல்பால் தூயது. ஈரம் முழுவதும் வெளியிலிருந்து வந்தது.

பௌத்தமும் ஆசவம், அதாவது உள்ளத்தைக் கறைப்படுத்தும் கசிவு, என்ற சொல்லை ஆள்கிறது. ஆசவங்கள் அற்று விடுதலை பெற்றவரே அருகதர். ஆனால் காமம், இருப்பின் மீதான பற்று, அவிச்சை எனப்படும் அறியாமை ஆகிய அக்கசிவுகள் எங்கோ இருந்து பாய்வன அல்ல, வாழ்தலின் போக்கிலேயே தோன்றுவன. குளிர்நாடுகளின் நிலவறைகள் இதற்கு ஒத்த உவமையைத் தருகின்றன: அங்கே சுவரில் அரும்பும் நீர் பல வேளைகளில் மண்ணின் நீரன்று, குடியிருப்போரின் மூச்சும் சமையலும் குளியலும் காற்றில் விட்ட ஆவி, குளிர்ந்த சுவரைத் தொட்டு நீரானது, எனவே அங்கே சுவருக்கு வெப்பம் காக்கும் உறை தேவைப்படுகிறது. நீர் எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் செய்யும் பழுதுபார்ப்பு பயனற்றது என்பதைக் கொத்தனாரைப் போலவே சமயவாதியும் ஏற்பார். சமயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட நிலத்தில் உள்ளிருப்பதை அறிவது எளிதன்று என்பதற்குச் சேலத்திலேயே சான்று உண்டு. பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்ட திருமேனி புத்தருடையது என்று தொல்லியல் துறை அறிக்கை தர, 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

அத்வைத வேதாந்தத்தின் விடை முற்றிலும் வேறானது. கோயிற்கட்டடக் கலையில் விமானத்தைத் தாங்கும் அடிமேடைக்கு அதிட்டானம் என்று பெயர். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்னும் வரிகளாக அது எழும். அதே சொல்லை வேதாந்தம், பாம்பின் தோற்றத்துக்கு இடமாகும் கயிறு போல, பொய்த்தோற்றம் எதன்மேல் எழுகிறதோ அந்த மெய்ப்பொருளுக்குப் பெயராக வைத்தது. குடத்துக்குள் உள்ள வெளி குடத்தின் அழுக்கால் அழுக்காவதில்லை என்பது அதன் புகழ்பெற்ற வாதம். அவ்வாறே சுவர் நனைந்தாலும் அறையின் வெளி நனைவதில்லை, நனைந்ததாகத் தோன்றுவது அறியாமையே. இவ்வாதத்தின் நுட்பத்தை மறுக்க இயலாது. எனினும் அந்த அறையில் பாய் விரித்துப் படுப்பவருக்கு ஏற்படும் நடுக்கம் யாருடையது என்ற கேள்வியைச் சைவ சித்தாந்தி விடாமல் கேட்பார்.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் வரையறுத்த சைவ சித்தாந்தம், மலங்களை, அதாவது உயிரைப் பிணிக்கும் குற்றங்களை, இருவகையாகப் பிரிக்கிறது. கன்மமும் மாயையும் இடையில் வந்து கூடுவன. ஆணவமோ செம்பில் களிம்பு போல, தொடக்கம் என ஒன்று இல்லாமல் உயிரோடு உடனிருப்பது. இங்கே ஓதத்தின் உவமை தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சூளையிலிருந்து இறக்கிய செங்கல் உலர்ந்தது. அதற்கு ஈரமற்ற ஒரு நாள் இருந்தது. சித்தாந்தத்தின்படி உயிருக்கு அப்படியொரு சூளைநாள் இருந்ததே இல்லை. களிம்பு சொல்லும் அநாதித் தன்மையைச் செங்கல் சொல்லாது.

ஆனால் செம்பு சொல்லாத ஒன்றைச் செங்கல் சொல்கிறது. உயிருக்குச் சித்தாந்தம் கூறும் தனி இயல்பு, சார்ந்ததன் வண்ணமாதல், அதாவது எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடுதல். பளிங்கு தன்னருகே உள்ள நிறத்தைக் காட்டுவது இதற்கு மரபான உவமை. எனினும் பளிங்கில் நிறம் மேற்பரப்பில் ஒளிர்வது மட்டுமே, செங்கல்லோ சார்ந்ததைத் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. சூளைச் செங்கல்லை அப்படியே அடுக்கினால் சாந்திலுள்ள நீரை உறிஞ்சிக் கட்டை வலுவிழக்கச் செய்துவிடும் என்பதால், கட்டுவதற்கு முன் அதனை நீரில் ஊறப்போடுவது வழக்கம். தாகம், ஆகவே, மண்ணின் குற்றமன்று, செங்கல்லின் இயல்பு. மேலும், எந்தத் துளைகள் ஓதத்தை ஏற்றுகின்றனவோ அதே துளைகள்தாம் சாந்தையும் பற்றிக்கொண்டு கல்லைக் கல்லோடு பிணைக்கின்றன. துளைகளை முற்றிலும் அடைத்துவிட்டால் ஓதம் ஏறாது, ஆனால் சுவரும் நிற்பது கடினம். உயிர் மலத்தைச் சார்ந்து மலமாகவே நிற்பதற்கும், சிவத்தைச் சார்ந்து சிவமாகவே நிற்பதற்கும் காரணமான இயல்பு ஒன்றே என்று சித்தாந்தம் சொல்வதன் ஆழம் இங்கே தெளிவாகிறது. பிணிப்புக்கு இடம் தருவதையே அழித்தால் விடுதலைக்கும் இடமில்லாமல் போகும்.

இதனாலேயே சித்தாந்தம் வீடுபேற்றை மலத்தின் அழிவாகக் கூறாமல், அதன் சக்தி மடங்கி ஒடுங்குதலாகக் கூறியது. வறுத்த விதை விதையாக இருந்தும் முளைக்காதது போன்றது அந்நிலை. அடிச்சுவருக்கு அடுக்கு இடும் கொத்தனாரும் மண்ணின் நீரை வற்றச் செய்வதில்லை, செங்கல்லின் துளையை மூடுவதும் இல்லை; இரண்டுக்கும் இடையில் இருந்த சார்பை மட்டும் மாற்றுகிறார். அந்த அடுக்கைச் சுவர் தனக்குத்தானே இட்டுக்கொள்ள முடியாது என்பதில், உயிர் தன் முயற்சி மட்டும் கொண்டு மலத்தை வெல்ல இயலாது, அருள் குருவடிவில் வரவேண்டும் என்ற கொள்கையும் அடங்கியிருக்கிறது. ஆயினும் சுவர் சடம், உயிர் அறிவுடையது. தன்னைத் தாங்குவது எது என்று சுவர் அறியாது. உயிர் அறிந்து அதில் நிற்க வேண்டும் என்பதையே மெய்கண்டாரின் பத்தாம் சூத்திரம் இறைபணி நிற்றல் என வகுத்தது. குற்றம் உயிரிலா, உலகிலா என்ற பழைய வழக்கில், இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தைக் கவனிக்கச் சொன்னதே சித்தாந்தத்தின் தனிப்பங்கு எனலாம்.

தொட்டுக்கொள்ளும் இடமே இல்லாத வீடும் இச்சமவெளியில் உண்டு. நாமக்கல் மலையில் அதியர் மரபினர் 8ஆம் நூற்றாண்டில் குடைவித்ததாகக் கருதப்படும் நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகளில் தரையும் சுவரும் தெய்வமும் ஒரே பாறை. கடைக்காலும் இல்லை, அதன்மேல் ஒட்டுக்கட்டும் இல்லை. அந்நரசிம்மரை நோக்கிக் கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயருக்கோ கூரையே இல்லை. மழை நேராக அவர் தலையில் விழுகிறது. பாறையாகிவிட்டவருக்கும் மழையை ஏற்றுக்கொண்டவருக்கும் ஓதம் பற்றிய கவலை இல்லை. இருவருக்கும் இடையில், ஊரில் வாழ்பவர்கள் மண்ணின்மேல் கல்லும் கல்லின்மேல் செங்கல்லுமாகக் கட்டிய வீடுகளில் இருக்கிறார்கள். கடைக்கால் பூசையன்று அக்குழியில் பாலும் மஞ்சள்நீரும் ஊற்றுகிறவர்களும் அவர்களே, சில நாள் கழித்து அதே குழியிலிருந்து எழும் கட்டின்மேல் நீர் ஏறாதபடி பெல்ட் போடுகிறவர்களும் அவர்களே. பூச்சும் வெள்ளையும் முடிந்தபின் அந்தப் பெல்ட் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஐப்பசி மழையில் அதன் கீழே மண் ஊறிக்கிடக்க, அதன் மேலே செங்கல் உலர்ந்திருக்கும்.